டிஸ்னிலேண்ட் பாரிஸில் இரண்டு இரவுகள்: சிறு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கான முழுமையான வழிகாட்டி

பாரிஸ் நகர மையத்திலிருந்து கிழக்கே சுமார் 32 கிலோமீட்டர் தொலைவில், மார்ன்-லா-வாலே என்னும் பகுதியில், 1992 ஏப்ரல் 12 அன்று திறக்கப்பட்டது டிஸ்னிலேண்ட் பாரிஸ். இளவரசியின் கோட்டை நிற்கும் முதல் பூங்கா, 2002 மார்ச்சில் அதன் அருகிலேயே திறக்கப்பட்ட இரண்டாவது பூங்கா, டிஸ்னியே நடத்தும் ஏழு தங்குமிடங்கள், கடைகளும் உணவகங்களும் நிறைந்த ஒரு வீதி என்று அது இன்று ஒரு சிறு நகரமாக வளர்ந்திருக்கிறது. வால்ட் டிஸ்னி ஸ்டூடியோஸ் என்று அறியப்பட்ட அந்த இரண்டாவது பூங்கா, ஃப்ரோஸன் திரைப்படத்தை வைத்து அமைத்த பகுதி சேர்க்கப்பட்டதையொட்டி 2026-இல் டிஸ்னி அட்வென்ச்சர் வேர்ல்ட் என்று பெயர் மாறியது. பழைய பெயரில் எழுதப்பட்ட குறிப்புகளைப் படிப்பவர்கள் இரண்டும் ஒன்றே என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு இரவும் மூன்று பகலும் உள்ள பயணத்தில் இங்கே இருக்கும் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியாது. எதை விடுவது என்பதை வீட்டிலேயே பேசி முடிவு செய்துகொண்டு புறப்படும் குடும்பம் நிம்மதியாக இருக்கிறது. அந்த முடிவை அங்கே வரிசையில் நின்றுகொண்டு எடுக்க நேர்கிற குடும்பம், பிள்ளைகள் அழ, பெரியவர்கள் ஒருவர்மேல் ஒருவர் எரிந்துவிழ, பெரும் பணம் செலவழித்தும் களைத்துத் திரும்புகிறது. ஆகவே இந்த வழிகாட்டி, குடும்பத்திலேயே சிறிய பிள்ளையின் உயரத்தையும் தூக்கத்தையும் அடிப்படையாக வைத்து முழுத் திட்டத்தையும் கட்டுகிறது.

முதல் வேலை: பிள்ளைகளின் உயரத்தை அளப்பது

டிக்கெட் விலையைத் தேடுவதற்கு முன் ஒவ்வொரு பிள்ளையையும் சுவரோடு நிறுத்தி அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வேகமான ரைடுகளின் வாசலில் அளவுகோலோடு ஊழியர் நிற்பார். ஒரு சென்டிமீட்டர் குறைந்தாலும் உள்ளே விடமாட்டார். ஒரு மணி நேரம் வரிசையில் நின்றபின் அங்கே திருப்பி அனுப்பப்படும் பிள்ளையைத் தேற்றுவது எளிதல்ல.

முதல் பூங்காவில் பிக் தண்டர் மவுண்டன் ரைடுக்கும் ஸ்டார் டூர்ஸுக்கும் 1.02 மீட்டர் உயரம் வேண்டும். ஹைப்பர்ஸ்பேஸ் மவுண்டனுக்கு 1.20 மீட்டர். தலைகீழாகச் சுழலும் இண்டியானா ஜோன்ஸ் ரைடுக்கு 1.40 மீட்டர். இரண்டாவது பூங்காவில் டவர் ஆஃப் டெரருக்கு 1.02, கிரஷ்ஷஸ் கோஸ்டருக்கு 1.07, அவெஞ்சர்ஸ் ரைடுக்கு 1.20 மீட்டர். பீட்டர் பான், டம்போ, பொம்மைகள் பாடும் படகுச் சவாரி, கரீபியன் கடற்கொள்ளையர், சமைக்கும் எலியின் கதையான ரட்டட்டூய், ஸ்பைடர்மேன் ஆகியவற்றுக்கு உயர வரம்பு இல்லை. உயர வரம்பு இல்லை என்பதால் பயம் இருக்காது என்று கொள்ளக்கூடாது. கடற்கொள்ளையர் ரைடு பெரும்பாலும் இருட்டில் செல்கிறது. படகு இரண்டு இடங்களில் சட்டென்று கீழே இறங்குகிறது. இருட்டுக்குப் பயப்படும் நான்கு வயதுப் பிள்ளைக்கு அது ஏற்றதல்ல.

அளந்த பிறகு ஒவ்வொருவரும், பாட்டி தாத்தா உட்பட, தமக்குக் கட்டாயம் வேண்டிய இரண்டு விஷயங்களை மட்டும் சொல்லட்டும். ஐந்து பேர் கொண்ட குடும்பத்தில் பெரும்பாலும் அந்தப் பட்டியல் ஏழெட்டுக்குள் அடங்கிவிடும். அதுவே உங்கள் திட்டம். மற்றவை கிடைத்தால் மகிழ்ச்சி, கிடைக்காவிட்டால் குறையில்லை.

எப்போது போவது

கூட்டத்தைத் தீர்மானிப்பது பள்ளி விடுமுறைகள்தான். பிரான்ஸ் தன் பள்ளிகளை மூன்று மண்டலங்களாகப் பிரித்து, குளிர்கால விடுமுறையையும் வசந்தகால விடுமுறையையும் வெவ்வேறு வாரங்களில் விடுகிறது. பாரிஸ் இதில் சி மண்டலத்தைச் சேர்ந்தது. அதனால் பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் கூட்டம் பல வாரங்களுக்கு நீள்கிறது. அக்டோபர் இறுதியில் நாடு முழுவதும் ஒரே சமயத்தில் இரண்டு வார விடுமுறை வருவதும், அதே நாட்களையொட்டி இங்கிலாந்துப் பள்ளிகளின் நடுப்பருவ விடுமுறை விழுவதும் சேர்ந்து ஹாலோவீன் காலத்தை மிக நெரிசலான காலங்களில் ஒன்றாக்குகின்றன. மே மாதத்தில் 1, 8 ஆகிய தேதிகளோடு இரண்டு கிறிஸ்தவப் பண்டிகை விடுமுறைகளும் அடிக்கடி வார இறுதியோடு ஒட்டிக்கொள்ளும்.

பள்ளிக்குப் போகாத வயதுப் பிள்ளைகள் மட்டும் உள்ளவர்களுக்கு ஜனவரி நடுப்பகுதியும், செப்டம்பர் இரண்டாம் வாரம் முதல் அக்டோபர் தொடக்கம் வரையான காலமும் நல்லவை. இந்த இரண்டில் நான் செப்டம்பரையே பரிந்துரைப்பேன். ஜனவரியில் வரிசை குறைவு என்பது உண்மைதான். ஆனால் வெப்பநிலை பெரும்பாலும் பத்து டிகிரிக்குக் கீழே நிற்கும், மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும், பராமரிப்புக்காகச் சில ரைடுகள் மூடப்பட்டும் இருக்கும். எந்த ரைடு எந்தத் தேதியில் மூடியிருக்கும் என்பதைப் பூங்காவின் இணையதளம் முன்கூட்டியே அறிவிக்கிறது. உங்கள் பட்டியலில் உள்ள ரைடு மூடியிருக்கிறதா என்று பார்க்காமல் தேதியை உறுதி செய்யாதீர்கள். வார நாட்களில் செவ்வாயும் வியாழனும் ஓரளவு அமைதியானவை. புதன்கிழமைகளில் பிரான்ஸின் பல தொடக்கப் பள்ளிகளுக்கு வகுப்பு இருப்பதில்லை என்பதால் உள்ளூர்க் குடும்பங்கள் வந்துவிடுகின்றன.

பயண ஆவணங்கள்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு, அவர்கள் இங்கிலாந்தில் வசிக்கும் உரிமை பெற்றிருந்தாலும்கூட, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாளுக்குக் குறைவாக இருக்கும்போது விண்ணப்பிக்க முடியாது. 2024 ஜூன் முதல் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுவரை 45 யூரோ; ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடும் இணைக்கப்பட வேண்டும். நேர்காணலுக்கான நேரம் கிடைப்பதே கோடையில் பெரும் பாடாக இருப்பதால், ரத்து செய்யக்கூடிய தங்குமிடத்தை முதலில் பதிவு செய்து, விசா வந்த பிறகு பூங்கா டிக்கெட்டை வாங்குவதே பாதுகாப்பான வரிசை.

பிரித்தானியக் குடியுரிமை உள்ளவர்களுக்கு விசா வேண்டியதில்லை. ஆனால் கடவுச்சீட்டு, வழங்கப்பட்டு நுழையும் நாளில் பத்து ஆண்டுகளைத் தாண்டாததாகவும், திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த புதிய எல்லைப் பதிவு முறையில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ளவர்களின் முகப்படமும் கைரேகையும் எடுக்கப்படுகின்றன. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கைரேகை இல்லை. முதல்முறை பதிவு செய்பவர்கள் எல்லையில் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும்.

எங்கே தங்குவது

குறுகிய பயணத்தின் செலவையும் சுகத்தையும் மிக அதிகமாகத் தீர்மானிப்பது இந்த ஒரு முடிவுதான். ஆகவே இங்கே அவசரப்பட வேண்டாம்.

டிஸ்னியின் சொந்தத் தங்குமிடங்களில், பூங்கா வாசலின் மேலேயே நிற்கும் டிஸ்னிலேண்ட் ஹோட்டல் 2024 ஜனவரியில் புதுப்பித்துத் திறக்கப்பட்டது; அதன் விலை பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாதது. நியூயார்க், நியூபோர்ட் பே, செக்கோயா லாட்ஜ் ஆகிய மூன்றும் ஏரியைச் சுற்றி, நடந்து சென்றால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் எட்டும் தொலைவில் உள்ளன. செயென், சாந்தா ஃபே இரண்டும் சற்றே தள்ளி, இருபது நிமிட நடையில், விலை குறைந்தவை. டேவி கிராக்கெட் ராஞ்ச் காட்டுக்குள் அமைந்த மரவீடுகளின் தொகுப்பு. கார் இல்லாதவர்கள் அதைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

இவற்றில் தங்குவதால் கிடைக்கும் உண்மையான பலன், பொதுமக்களுக்குக் கதவு திறப்பதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பே உள்ளே போகும் உரிமை. வழக்கமாகப் பூங்கா ஒன்பதரைக்குத் திறக்கிறது என்றால், ஹோட்டல் விருந்தினர்களுக்கு எட்டரைக்கே அனுமதி. அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு சிறு பிள்ளை செல்லும் ரைடுகள், பிற்பகலில் மூன்று மணி நேரம் எடுக்கும். தங்குமிடத்தோடு டிக்கெட்டும் சேர்ந்த தொகுப்பாக வாங்கினால், இரண்டு இரவுகளுக்கு மூன்று நாள் நுழைவு, அதாவது வந்து சேரும் நாளும் கிளம்பும் நாளும் சேர்த்துக் கிடைக்கிறது. எனவே தொகுப்பின் விலையை வெளியே உள்ள ஹோட்டலின் அறை வாடகையோடு மட்டும் ஒப்பிடுவது தவறான கணக்கு. அறை வாடகை, மூன்று நாள் டிக்கெட், கார் நிறுத்தும் கட்டணம் மூன்றையும் கூட்டி அதன்பின் ஒப்பிட வேண்டும்.

இதற்கு மாற்றாக, ஒரு ரயில் நிலையம் முன்னதாக உள்ள வால் தெரோப் பகுதியில் சமையலறையோடு கூடிய குடியிருப்பு ஹோட்டல்கள் இருக்கின்றன. அங்கேயே பெரிய வணிக வளாகமும் அதற்குள் ஓஷான் என்னும் பெரிய சூப்பர்மார்க்கெட்டும் உண்டு. சோறும் ரசமும் இல்லாமல் இரண்டு வேளை தாங்காத பெரியவர்களோ, சாப்பாட்டில் மிகவும் பிடிவாதமான பிள்ளையோ, ஐந்தாறு பேர் கொண்ட கூட்டுக் குடும்பமோ என்றால் நான் தயங்காமல் இதையே சொல்வேன். காலை முன்னுரிமை போய்விடும்; ஆனால் அடுப்பு இருக்கிற நிம்மதி அதை ஈடுசெய்யும். பிள்ளைகள் ஆறு வயதுக்குக் கீழே, பெற்றோர் இருவர் மட்டும் என்றால் செயென் அல்லது சாந்தா ஃபே போதும்.

டிக்கெட்டும் கூடுதல் கட்டணங்களும்

தனியாக டிக்கெட் வாங்குபவர்கள் தேதி குறிப்பிட்டே வாங்க வேண்டும். விலை நாளுக்கு நாள் மாறும், நெரிசலான நாள் விலை அதிகம். மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம், 3 முதல் 11 வயதுவரை சிறுவர் கட்டணம், 12 வயதிலிருந்து பெரியவர் கட்டணம். பிள்ளைக்கு மூன்று வயது நிறையும் முன், பன்னிரண்டு வயது நிறையும் முன் செல்ல முடிந்தால் கணிசமாக மிச்சமாகும்.

வரிசையைத் தாண்டிச் செல்ல பிரீமியர் அக்ஸஸ் என்ற கட்டண வசதி இருக்கிறது. ஒரு ரைடுக்கு ஒருமுறை என்று தனித்தனியாகவும், எல்லாவற்றுக்கும் சேர்த்தும் பூங்காவின் கைபேசிச் செயலி வழியாக வாங்கலாம். ஒருவருக்கு 15 யூரோ என்று வைத்துக்கொண்டால்கூட நால்வர் குடும்பம் சில நிமிட ரைடு ஒன்றுக்கு 60 யூரோ கொடுக்கிறது. காலையில் சீக்கிரம் போகிற குடும்பத்துக்கு இது பெரும்பாலும் தேவைப்படாது. வீட்டிலேயே போட்ட பட்டியலில் ஒரு ரைடு மட்டும் கிடைக்காமல் போய்விடும்போல் இருந்தால், அன்று அதற்கு மட்டும் வாங்கிக்கொள்ளலாம்.

காசில்லாமல் கிடைக்கும் வசதி ஒன்றைப் பல பெற்றோர் அறிவதில்லை. கைக்குழந்தையோ உயரம் போதாத பிள்ளையோ இருந்தால், ஒருவர் ரைடில் போய்வரும்வரை மற்றவர் பிள்ளையோடு இருந்து, பிறகு மீண்டும் முழு வரிசையில் நிற்காமல் தாமும் போய்வரலாம். ரைடர் ஸ்விட்ச் என்று வாசலில் நிற்கும் ஊழியரிடம் கேட்டால் வழி சொல்வார். கர்ப்பிணிகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனி அனுமதி அட்டைகள் உண்டு. உரிய சான்றுகளைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.

போய்ச் சேரும் வழி

பாரிஸின் ஆர்.இ.ஆர். ஏ என்னும் புறநகர் ரயில்பாதையின் கிழக்கு முனையான மார்ன்-லா-வாலே செஸ்ஸி நிலையம் பூங்கா வாசலுக்கு எதிரிலேயே இருக்கிறது. நகர மையத்தில் உள்ள ஷாத்லே நிலையத்திலிருந்து சுமார் நாற்பது நிமிடம். இந்தப் பாதை கிழக்கே இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை புவாஸி-சாங்-லேழே நோக்கித் தெற்கே போய்விடும். சரியான கிளையில் போகும் ரயில்களிலும் சில டொர்ஸி நிலையத்தோடு நின்றுவிடும். ஆகவே ரயில் வந்ததும் ஏறிவிடாமல், நடைமேடையில் தொங்கும் பலகையில் செஸ்ஸி என்ற பெயருக்கு எதிரே விளக்கு எரிகிறதா என்று பார்த்து ஏறுங்கள். 2025 ஜனவரி முதல், விமான நிலையங்கள் நீங்கலாக, பாரிஸ் வட்டாரம் முழுவதற்கும் ரயில் பயணத்துக்கு ஒரே கட்டணம் என்றாகி, அது இரண்டரை யூரோ அளவில் இருக்கிறது. நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. டிக்கெட்டை ஏற்றிப் பயன்படுத்தும் நவிகோ ஈஸி அட்டையை ஒரே நேரத்தில் இருவர் பகிர முடியாது. ஆளுக்கொரு அட்டை வேண்டும்.

ஷார்ல் த கோல் விமான நிலையத்தின் இரண்டாவது முனையத்துக்குக் கீழேயே அதிவேக ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து செஸ்ஸிக்குப் பத்து நிமிடப் பயணம்தான். ஆனால் அந்த ரயில்கள் அடிக்கடி இல்லை. விமானம் தாமதமானால் முன்பதிவு வீணாகலாம். நேராக ஹோட்டல்களுக்குப் போகும் பேருந்துச் சேவை விலை கூடியது, எனினும் பெட்டிகளோடும் தூங்கும் பிள்ளையோடும் வருபவர்களுக்கு நல்லது.

லண்டனிலிருந்து பூங்காவுக்கு நேராக ஓடிய யூரோஸ்டார் ரயில் 2023-இல் நிறுத்தப்பட்டது. இப்போது லீல் நகரில் மாறலாம், அல்லது பாரிஸின் கார் து நோர் ரயில் நிலையத்தில் வந்து இறங்கலாம். கார் து நோரில் இறங்குபவர்கள் கூட்டம் நெரியும் ஷாத்லே வழியாகப் போவதைவிட, நிலையத்தோடு சுரங்கவழியாக இணைந்த மஜெந்தா நிலையத்தில் ஆர்.இ.ஆர். ஈ ரயில் ஏறி, வால் த ஃபோந்தனேயில் ஏ ரயிலுக்கு மாறுவது எளிது. ஈழத் தமிழர் கடைகள் நிறைந்த லா ஷப்பெல் கார் து நோரிலிருந்து சில நிமிட நடைதான். ரோல்ஸும் வடையும் கட்டிக்கொண்டு போவதற்கு இந்த வழியில் வருபவர்களுக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது.

கையோடு எடுத்துச் செல்ல வேண்டியவை

ஆண்டின் எந்த மாதத்திலும் மழை வரலாம். குடையைவிடத் தலையை மூடும் மழை அங்கி நல்லது; தள்ளுவண்டியை ஒரு கையால் தள்ளிக்கொண்டு குடை பிடிக்க முடியாது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு வீட்டில் தள்ளுவண்டி தேவைப்படாமல் இருக்கலாம். இங்கே தேவைப்படும், ஏனெனில் ஒரு நாளில் பெரியவர்களே பதினைந்தாயிரம் அடிகள் நடந்துவிடுவார்கள். வாடகைக்கும் கிடைக்கிறது, ஆனால் அது பூங்காவுக்குள் மட்டுமே பயன்படும். ஹோட்டலுக்குத் திரும்பும் இரவு நடைக்கு உங்கள் சொந்த வண்டியே வேண்டும். ரைடுகளுக்கு வெளியே பத்துப் பதினைந்து வண்டிகளை ஊழியர்கள் வரிசையாக நகர்த்தி நிறுத்தியிருப்பார்கள். கைப்பிடியில் நிறமுள்ள ஒரு துணியைக் கட்டிவைத்தால் தேடவேண்டியதில்லை. பவர் பேங்க் கட்டாயம், காரணம் காத்திருப்பு நேரம், உணவுப் பதிவு, டிக்கெட் எல்லாம் கைபேசிச் செயலியில்தான் இருக்கின்றன.

முதல் நாள்: அவசரமில்லாத அரை நாள்

அறை பிற்பகலில்தான் கிடைக்கும். காலையிலேயே வந்துவிட்டால் பெட்டிகளை ஹோட்டலில் ஒப்படைத்துவிட்டு உள்ளே போய்விடலாம். முதல் நாளில் பெரிய வரிசை எதிலும் நிற்கக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். பயணக் களைப்போடு வந்திருக்கும் பிள்ளைக்கு இடத்தைப் பழக்குவதே அன்றைய வேலை.

நீராவி ரயில் முதல் பூங்காவைச் சுற்றி வருகிறது. பகுதிகளின் இருப்பிடம் பிடிபட ஒரு சுற்று போதும். அதன்பின் கோட்டைக்குள் போங்கள். பெரும்பாலோர் அதன் முன்னால் படம் எடுத்துக்கொண்டு கடந்துவிடுகிறார்கள். மாடிப்படி ஏறினால் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களிலும் சுவர்த் திரைகளிலும் உறங்கும் இளவரசியின் கதை வரிசையாகச் சொல்லப்படுகிறது. பின்புறத்து மாடத்திலிருந்து ஃபேன்டசிலேண்ட் பகுதி முழுவதும் கீழே தெரியும். கோட்டையின் அடியில் ஒரு குகை இருக்கிறது. மங்கிய வெளிச்சத்தில், நீர் சொட்டும் பாறைகளுக்கு நடுவே, கழுத்தில் சங்கிலி பூட்டிய ஒரு பெரிய டிராகன் படுத்திருக்கும். சில நிமிடங்கள் அசைவின்றிக் கிடந்துவிட்டு, மெதுவாகத் தலையைத் தூக்கும், கண்கள் சிவக்கும், மூக்கிலிருந்து புகை வரும், உறுமல் அந்தக் குகைச் சுவரெங்கும் எதிரொலிக்கும். பிள்ளைகள் முதலில் தந்தையின் காலைக் கட்டிக்கொள்வார்கள், வெளியே வந்ததும் திரும்பவும் போகலாம் என்று இழுப்பார்கள். கட்டணமும் கிடையாது, வரிசையும் பெரும்பாலும் கிடையாது. இந்தப் பூங்கா முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஆலிஸின் செடிச்சுவர் புதிர்ப்பாதையும், அட்வென்ச்சர்லேண்டில் மரத்தின்மேல் கட்டிய ராபின்ஸன் வீடும் குகைகளும் தொங்கு பாலங்களும் இதே வகை. மணிக்கணக்கில் வண்டியிலும் ரயிலிலும் உட்கார்ந்து வந்த பிள்ளைகள் ஓடித் தீர்க்க இவையே ஏற்றவை. பிற்பகல் அணிவகுப்பு நடக்கும் நேரத்தைச் செயலியில் பார்த்து, அரை மணி முன்னதாக நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துகொள்ளுங்கள். அது முடிந்ததும் அறைக்குப் போய்விட வேண்டும். மறுநாள் காலை ஏழு மணிக்கு எல்லோரும் எழ வேண்டும்.

இரண்டாம் நாள்: காலையே முதல்

எட்டே காலுக்கு வாசலில் நில்லுங்கள். பைகள் எக்ஸ்ரே கருவியில் சோதிக்கப்படும் என்பதால் அதற்கும் பத்து நிமிடம் வேண்டும். உள்ளே விட்டதும், பூங்கா வாசலிலிருந்து கோட்டைவரை நீளும் கடைவீதியில் நிற்காமல், கோட்டையைக் கடந்து நேரே பீட்டர் பான் ரைடுக்குப் போகவேண்டும். பறக்கும் கப்பலில் இரவு லண்டனின் கூரைகளுக்கு மேலே போகும் அந்த ரைடு ஒரு தடவைக்குக் குறைவான பேரையே ஏற்றக்கூடியது. அதனால்தான் கூட்டம் குறைந்த நாளிலும் பிற்பகலில் அதன் வரிசை ஒரு மணி நேரத்தைத் தொடுகிறது. அடுத்து டம்போ. அதுவும் மெதுவாக நகரும் வரிசை. இந்த இரண்டும் முடிந்தால் சிறு பிள்ளைகளின் நாள் பாதி வெற்றி.

பொதுமக்களுக்கு வாசல் திறப்பதற்குக் கால் மணி முன், 1.02 மீட்டரைத் தாண்டிய பிள்ளை இருந்தால், ஒரு பெற்றோர் அந்தப் பிள்ளையோடு ஃப்ரான்டியர்லேண்ட் எல்லைக்குப் போய் நிற்கலாம். பிக் தண்டர் மவுண்டன் இங்கே ஏரிக்கு நடுவே ஒரு தீவில் நிற்கிறது. சுரங்க ரயில் கரையிலிருந்து கிளம்பி, ஏரிக்கு அடியில் இருட்டுக்குள் பாய்ந்து, தீவில் மேலெழுந்து, திரும்பவும் ஏரிக்கு அடியிலேயே வேகமெடுத்து வருகிறது. வேறு எந்த ரைடையும் விடலாம். உயரம் இருந்தால் இதை விடக்கூடாது. மற்ற பெற்றோர் அந்நேரத்தில் சின்னப் பிள்ளையோடு தேநீர்க் கோப்பையிலோ குதிரை ராட்டினத்திலோ இருக்கலாம். குடும்பம் எப்போதும் ஒன்றாகவே நகர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பதினொன்றரைக்குள் பெரிய ரைடுகளை நிறுத்திவிடுங்கள். முன்னதாகச் சாப்பிட்டு, பன்னிரண்டரைக்கு ஹோட்டலுக்குத் திரும்பி, திரையை இழுத்துவிட்டு எல்லோரும் படுங்கள். பணம் கொடுத்து வந்துவிட்டு அறையில் தூங்குவதா என்று தோன்றும். பன்னிரண்டு முதல் நான்கு வரைதான் வரிசைகள் மிக நீளமானவை. அந்த நேரத்தில் நீங்கள் இழப்பது இரண்டு மூன்று ரைடுகள். பெறுவது இரவு பத்து மணிவரை தாங்கும் ஒரு பிள்ளை. கைக்குழந்தையோடு திரும்ப முடியாதவர்களுக்கு, கடைவீதியின் முடிவில் பிளாஸா கார்டன்ஸ் உணவகத்தை ஒட்டிக் குழந்தைகள் பராமரிப்பு நிலையம் இருக்கிறது. பால் சூடாக்கவும் உடை மாற்றவும் அமைதியாக ஊட்டவும் அங்கே முடியும்.

இரவில் பூங்கா மூடும் நேரத்தில் கோட்டைமேல் ஒளிக்காட்சி நடக்கிறது. 2025 ஜனவரியில் தொடங்கிய டேல்ஸ் ஆஃப் மேஜிக் காட்சியில், கோட்டையோடு கடைவீதிக் கட்டடங்களின் முகப்புகளிலும் படங்கள் விழுகின்றன. அதனால் கோட்டையின் காலடியில் நெரிசலில் சிக்குவதைவிட, கடைவீதியின் நடுவில் நிற்பது இரட்டை நன்மை: இரு பக்கமும் காட்சி தெரியும், முடிந்ததும் வெளியேறுவதும் எளிது. வீதியின் இரு புறமும் கடைகளுக்குப் பின்னால் கூரையிட்ட நடைவழிகள் ஓடுகின்றன. பாரிஸின் மழையை எண்ணிக் கட்டப்பட்ட அவற்றின் வழியாக, ஆயிரக்கணக்கானோர் நடுவீதியில் மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கும்போது, நீங்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடலாம். பகலில் மழை பிடித்துக்கொண்டாலும் ஒதுங்கவேண்டிய இடம் இதுவே.

சாப்பாடு

பூங்காவில் உணவு விலை அதிகம், தரம் இடத்துக்கு இடம் மாறும். சிற்றுண்டியும் குழந்தை உணவும் தண்ணீரும் கொண்டுபோகலாம்; குளிர்பெட்டியும் கண்ணாடிப் பாட்டில்களும் அனுமதிக்கப்படுவதில்லை. சைவம் சாப்பிடுபவர்களுக்கு இத்தாலிய உணவுள்ள பெல்லா நோட்டே, மத்திய கிழக்கு உணவை பஃபே முறையில் தரும் அக்ரபா கஃபே ஆகியவற்றில் வயிறு நிறைய வழியுண்டு. அங்கே சைவம் என்பதில் முட்டை சேர்ந்தேயிருக்கும் என்பதால் முட்டையும் சாப்பிடாதவர்கள் தனியாகக் கேட்டுக்கொள்வது நல்லது. மேசையில் பரிமாறும் உணவகங்களைச் சில வாரங்கள் முன்னதாகவே செயலியில் பதிவு செய்யாவிட்டால் இடம் கிடைப்பது அரிது. அதில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுப்பதானால் இரண்டாவது பூங்காவில் ரட்டட்டூய் ரைடை ஒட்டியுள்ள பிஸ்த்ரோ ஷே ரெமியைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே நுழைபவர் எலியின் அளவுக்குச் சுருங்கிவிட்டதுபோல், ஆளுயரத் தட்டுகள் தடுப்புச் சுவர்களாக நிற்கும். பிள்ளைகள் சாப்பிடுவதையே மறந்து சுற்றிப் பார்ப்பார்கள்.

மூன்றாம் நாள்: இரண்டாவது பூங்காவும் புறப்பாடும்

அறையைக் காலை 11 மணிக்குள் ஒப்படைக்க வேண்டும் என்பதால், எழுந்ததும் பெட்டிகளைக் கட்டி வரவேற்பறையில் விட்டுவிட்டே கிளம்புங்கள். இரண்டாவது பூங்கா சிறியது. காலைப் பொழுது போதும். 1.07 மீட்டர் உயரமும் துணிச்சலும் உள்ள பிள்ளை இருந்தால் முதலில் கிரஷ்ஷஸ் கோஸ்டர், இல்லாவிட்டால் ஃப்ரோஸன் படகுச் சவாரி. பிறகு ரட்டட்டூய், அதன்பின் கைகளை வீசி வலை எறியும் ஸ்பைடர்மேன். பொம்மைகளும் உடுப்புகளும் வாங்குவதைக் கடைசி மணி நேரத்துக்கு ஒதுக்கி, ஒவ்வொரு பிள்ளைக்கும் இவ்வளவு யூரோ என்று புறப்படும் முன்பே சொல்லிவையுங்கள். பல ரைடுகளின் வெளிவாசல் ஒரு கடைக்குள்தான் திறக்கிறது என்பதால் இந்தப் பேச்சு வீட்டிலேயே முடிந்திருக்க வேண்டும்.

புறப்படும் நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். கார் து நோரில் மாலை ஆறு மணி யூரோஸ்டார் என்றால், எல்லைச் சோதனைக்காக நாலரைக்கு அங்கே இருக்க வேண்டும். ரயில் மாறும் நேரத்தையும் சிறு தாமதத்தையும் சேர்த்தால் செஸ்ஸியில் மூன்றே காலுக்கு ரயில் ஏற வேண்டும். ஹோட்டலுக்குப் போய்ப் பெட்டிகளை எடுத்துவர முக்கால் மணி நேரம். அப்படியானால் பூங்காவை விட்டு இரண்டரைக்கு வெளியே வந்துவிட வேண்டும், இரண்டு மணிக்குப் பிறகு எந்த வரிசையிலும் சேரக்கூடாது. வார இறுதிகளிலும் கோடை மாதங்களிலும் ஏ பாதையின் சில பகுதிகள் பராமரிப்பு வேலைக்காக மூடப்படுவது உண்டு. அதை முந்தின நாள் இரவே பார்த்துக்கொண்டு, மூடியிருந்தால் செஸ்ஸியிலிருந்து புறப்படும் நேரத்தை இன்னும் ஒரு மணி முன்னுக்குத் தள்ளுங்கள்.